மெதுவாக எழுந்த விளக்குகள்

போன மாதம் சுரேஷ் போன் செய்தான். செங்கல்பட்டில் நான் கடைசிவரை வேலை பார்த்த பட்டறையை இப்போது நடத்துகிறவன் அவன்தான்.

"மேஸ்திரி, ஒரு பழைய வண்டி வந்துகீது. ரெண்டே பேரு குந்தற வண்டி. லைட்டு ரெண்டும் பானெட்டுக்குள்ள படுத்துக்கினு கீது. ஸ்விட்ச் போட்டா எழுந்துக்கணும். இது எழுந்துக்கறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம் போல. உள்ள மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் ரப்பர் டியூபுதான் ஓடுது. இன்னா மேஸ்திரி இது?"

வீடியோவும் அனுப்பினான். தூக்கம் கலையாத ஆள் கண் திறப்பதுபோல ஒரு விளக்கு முதலில் எழுந்தது. இன்னொன்று பாதியில் நின்றது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து வீட்டில் பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்டார்கள்.

சுரேஷுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு மனிதர் காதுக்குப் போய்விடக் கூடாது என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரும் போன மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்தார். இனி மூடிவைத்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனக்கு ஊர் மதுராந்தகம் பக்கம். படிப்பு ஏறவில்லை, ஏர் பிடிக்க உடம்பும் வணங்கவில்லை. செங்கல்பட்டில் அமீன் பாய் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். ஸ்பேனர் கழுவினேன், திட்டு வாங்கினேன், லாரிக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகு தேய்ந்தது. எழுபதுகள் பாதிக்கு வந்தபோது நானும் ஒரு மெக்கானிக். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னையும் மேஸ்திரி என்றார்கள். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். சத்தமாகப் பேசமாட்டார், ஆனால் கிண்டல் மட்டும் ஊசி மாதிரி இறங்கும். வண்டி வந்ததும் பானெட்டைத் தூக்க விடமாட்டார். ஓட்டி வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "உடம்புக்கு இன்னான்னு நீங்க சொல்லுங்க, வண்டி அப்பறம் சொல்லட்டும்" என்பார். எது முதலில் கெட்டது, எப்போது கெட்டது, அதற்கு முந்தி யார் கைவைத்தார்கள். இதெல்லாம் கேட்டு முடித்துத்தான் லுங்கியை மடித்துக் கட்டுவார். நாங்கள் அவசரப்பட்டு எதையாவது கழற்றினால், "மாப்ள, பொண்ணு பாக்காமயே தாலி கட்டறியா?" என்பார்.

சுரேஷ் காட்டினது மாதிரி ஒரு டாக்டரின் கார் எங்களிடம் வந்தது லாரி பிரேக்கால்தான். அப்போது லாரிகளில் பிரேக்குக்குத் துணையாக வேக்கம் இருக்கும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட வெற்றிடத்துக்கு ஒரு பலம் உண்டு, அதுதான் வேக்கம். அந்த வேலையில் பாய்க்குச் சுற்றுவட்டாரத்தில் பெயர் இருந்தது. டாக்டர் மெட்ராஸில் பெரிய சர்ஜன். சீமையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த கார் அது. திருவிடந்தையில் கடலைப் பார்த்து ஒரு பங்களா வைத்திருந்தார். லீவு நாளில் அங்கே வந்தால் அந்தக் காரை எடுத்துக்கொண்டு மகாபலிபுரம்வரை போய்வருவது அவருக்கு ஒரு பைத்தியம். மற்ற நாளில் கார் பங்களாவிலேயே நிற்கும். அதையும் பங்களாவையும் பார்த்துக்கொண்டவர் கன்னியப்பன். கடலுக்குப் போகிற குடும்பம். அப்பா அம்மா இல்லாமல், சேகர் என்ற தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தம்பி கடலுக்குப் போனான், அண்ணன் பங்களாவுக்கு வந்தார்.

முதல் தடவை டாக்டரும் கன்னியப்பனும் அந்தக் காரிலேயே வந்து இறங்கினார்கள். இடுப்பு உயரம்கூட இல்லாத சிவப்பு வண்டி. நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். டாக்டர் ஸ்விட்சை இழுத்தார். விளக்குகள் எழுந்தன, ஆனால் மாமியார் கூப்பிட்ட மருமகள் மாதிரி எழுந்தன. இஞ்சினை முறுக்கினால் மறுபடியும் குனிந்துகொண்டன.

பாய் டாக்டரை ஸ்டூலில் உட்காரவைத்து எல்லாம் கேட்டார். பிறகு என்னைக் கூட வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். அந்த வண்டியில் இஞ்சின் உறிஞ்சும் வேக்கம் ஒரு குழாய் வழியாக முன்பக்கம் போகிறது. நடுவில் ஒருவழி வால்வு. அப்புறம் அதைச் சேர்த்துவைக்க ஒரு தொட்டி வேண்டுமே, தொட்டியைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தால், சேஸிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டமே உள்ளே கூடாக, அதுவே தொட்டி. பாய் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வெள்ளக்காரன் கஞ்சன்டா. தனியா ஒரு டப்பா வெக்கல பாரு." அங்கிருந்து ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து இரண்டு விளக்குக்கும் குழாய், விளக்குக்குப் பின்னால் ஆளுக்கொரு குடுவை. குடுவைக்குள் ரப்பர் சவ்வு. சவ்வை வேக்கம் இழுத்தால் விளக்கு எழும்.

இஞ்சின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, கட்டைவிரலை வைத்தார். விரலை நன்றாக இழுத்தால் அதுவரை பழுதில்லை, அடுத்ததுக்குப் போகலாம். பெட்ரோல் பக்கம் போகாமல், முன்பக்க இணைப்புகளில் ஊதுபத்திப் புகையைக் காட்டினார். ஸ்விட்ச் பக்கத்தில் புகை மேலே போகாமல் வளைந்து உள்ளே நுழைந்தது. அங்கே ஓட்டை. கடைசியில் குழாய்கள். கழற்றிய குழாயின் ஒரு முனையை விரலால் அடைத்து, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் மூடுவார். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் நல்ல குழாய். விட்டுவிட்டால் தூக்கிப் போடு. சீமைக் குழாய்கள் காய்ந்து வெடித்திருந்தன. வலது குடுவையில் சவ்வும் கிழிந்திருந்தது.

மெட்ராஸிலிருந்து கெட்டியான ரப்பர் குழாய் வாங்கிவந்து போட்டோம். சவ்வுக்கு லாரி பிரேக்கின் ரப்பர் துணியை வெட்டிப் பொருத்தினோம். டாக்டர் வந்து ஸ்விட்சை இழுத்தார். இரண்டும் டக்கென்று எழுந்தன. கன்னியப்பன் கைதட்டியே விட்டார். "இன்னொரு வாட்டி சார், இன்னொரு வாட்டி" என்று டாக்டரைக் கெஞ்சி, எழுப்பி எழுப்பிப் படுக்கவைத்துப் பார்த்தார்.

கிளம்பும்போது அவர்தான் கேட்டார்: "பாய், இது இப்டியே இருக்கணும்னா நான் இன்னா பண்ணணும்?"

பாய் குனிந்து அடியைக் காட்டினார். "மேல ஒடம்பு பூரா பைபரு, நாரும் பிசினும்தான், அதுக்கு ஒண்ணும் ஆவாது. அடியிலதான் இரும்பு. இந்தச் சட்டம் கீது பாரு, இதுல துருப்புடிச்சி ஊசி முன அளவு ஓட்ட வுழுந்தாலும் லைட்டு எழுந்துக்காது. உங்க கடக்காத்து பொல்லாதது. உப்பு மட்டும் படாம பாத்துக்கோ கன்னியப்பா."

"அத்த என்கிட்ட வுட்டுடு பாய். உப்ப நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தைகளை நான் எத்தனை தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாய் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. கன்னியப்பன் கேட்டதிலும் இல்லை.

அடுத்த வருஷம் தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். அந்தக் காரை ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூக்கு நொறுங்கியிருந்தது. டாக்டர் லாரியிலேயே உட்கார்ந்து வந்திருந்தார். பாய் ஸ்டூலைப் போட்டார். டாக்டர் உட்காரவில்லை.

மகாபலிபுரத்திலிருந்து பங்களாவுக்குத் திரும்பும்போது, பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வருகிற நேரம். அப்போது அந்தச் சாலை ஒரு பஸ் போனால் இன்னொன்று இறங்கி நிற்க வேண்டிய சாலை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்துபோன ஆளை டாக்டர் பார்க்கவே இல்லை. இடித்த பிறகு இறங்கிப் பார்த்திருக்கிறார். கன்னியப்பன் தம்பி சேகர். டாக்டரின் மடியிலேயே உயிர் போயிருக்கிறது.

போலீஸ் விபத்து என்று முடித்துவிட்டது. டாக்டருக்கு முடியவில்லை.

"லைட் ஸ்விட்சை இழுத்தேன்னுதான் நெனைக்கறேன் பாய். கொஞ்ச நாளா அது எழுந்திருக்க நேரம் எடுத்துச்சு. கொண்டுவந்து காட்டணும்னு நெனச்சுக்கிட்டே தள்ளிப்போட்டேன். அன்னிக்கும், இதோ எழுந்திரும் எழுந்திரும்னுதான் வந்தேன். ஆனா இப்போ யோசிச்சா, இழுத்தேனா, இல்ல இடிச்சப்பறம் பதட்டத்துல இழுத்தேனான்னு சந்தேகமா இருக்கு. கத்தியைக் கையில எடுத்தா அதே நெனப்பு. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போகவே முடியல. என்மேல தப்பா, வண்டிமேல தப்பா. அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க பாய்."

நீட்டிய கைகளைப் பார்த்தேன். எத்தனையோ பேர் வயிற்றைத் திறந்து பிழைக்கவைத்த கைகள். டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் ஆடின. பாய், "நீங்க வூட்டுக்குப் போங்க சார். நாளைக்கு ஆள் அனுப்பறேன்" என்று அனுப்பிவைத்தார்.

ஸ்விட்ச் இழுத்த மேனிக்கே இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இஞ்சினைப் பக்குவப்படுத்திக் கிளப்பினோம். விளக்குகள் ஒரு நூல் அசைந்தன, அப்படியே விழுந்துவிட்டன. ஸ்விட்சை எப்போது இழுத்திருந்தாலும் அன்றைக்கு அவை எழுந்திருக்காது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் பாக்கி.

பாய் முதலிலிருந்து வந்தார். வால்வு, சரி. குறுக்குச் சட்டம், ஒரு பொட்டுத் துரு இல்லை. கடலோரத்தில் நிற்கிற வண்டியின் அடிப்பாகம் அப்படி இருந்து நான் பார்த்ததே கிடையாது, கருகருவென்று மினுமினுத்தது. ஸ்விட்ச், சரி. குழாய்க்கு வந்தார். கையில் பிடித்ததும் அவர் முகம் மாறியது. நாங்கள் போட்ட கெட்டிக் குழாய் ஊறிப்போய், வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி கொழகொழவென்று இருந்தது. இஞ்சின் உறிஞ்சினால் உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். பாய் வழக்கப்படி முனையை வாயில் வைத்தார்.

உறிஞ்சவில்லை. துப்பவும் இல்லை. பிறகு குழாயை என்னிடம் நீட்டினார். எனக்கு வாயில் வைக்க வேண்டியிருக்கவில்லை. மூக்குக்குக் கிட்டே வரும்போதே தெரிந்தது.

சுறா எண்ணெய்.

உப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன மனிதர் சொன்னபடியே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடற்கரையில் படகு மரத்தில் உப்பு ஏறாமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவார்கள். பரம்பரையாகப் பூசுகிற எண்ணெய். அதையே துணியில் தொட்டுச் சட்டத்துக்குப் பூசியிருக்கிறார். இரும்புக்கு அது நல்லதுதான். சட்டம் அதனால்தான் மினுமினுத்தது. பூசினவர் ரப்பரை மட்டும் ஒதுக்குவானேன் என்று குழாய், இணைப்பு, குடுவை வாய் எல்லாவற்றையும் நனைத்திருக்கிறார். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. கழற்றிப் பார்த்தால் சவ்வுகளும் ஊதித் தொங்கின.

"அவங்ககிட்ட சொல்லணுமே பாய்" என்றேன்.

"யாருகிட்ட?"

"கன்னியப்பன்கிட்ட. டாக்டர்கிட்ட."

பாய் கழற்றிய குழாய்கள் அத்தனையையும் சுருட்டினார், சவ்வுகளையும் சேர்த்தார். பக்கத்தில் லாரி ஸ்பிரிங் பட்டை அடிக்கிற உலையில் கொண்டுபோய்ப் போட்டார். கரும்புகை எழும்பியது. நான் கத்திவிட்டேன். அவரை எதிர்த்து நான் கத்தினது அது ஒரு தடவைதான்.

"டாக்டருக்கு இன்னா சொல்லப்போறீங்க?"

"நான் போட்ட கொழா மட்டம்னு சொல்லப்போறேன்."

"அது பொய்யி பாய்!"

"எவ்ளோ பொய்யி, எவ்ளோ மெய்யின்னு நீ அளந்து பாத்தியா?" அவர் குரல் ஏறவே இல்லை. "சீமைக் கொழாயா இருந்தா கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். உள்ளூர் கொழா போட்டவன் நான். உப்பு படாம பாத்துக்கன்னு சொன்னவன் நான். எத்தால பாத்துக்கன்னு சொன்னேனா? கடக்கரைக்காரன் உப்புன்னா எண்ணெயத்தான் எடுப்பான்னு எனக்குத் தெரியாதா? அந்த ஆளு தம்பிய புள்ளயா வளத்தவன்டா. 'உன் கையால பூசுன எண்ணெதான் அவன தின்னுச்சி'ன்னு அவன் மூஞ்சியப் பாத்து நீ சொல்றியா? சொல்லு, போயி சொல்லிட்டு வா."

நான் போகவில்லை. ஆனால் கோபம் போகவில்லை. இப்போதும் போகவில்லை. அந்த மனிதர் செய்தது சரியா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் சரி என்று சொல்லமாட்டேன். தப்பு என்று சொல்லவும் வாய் வராது.

மறுநாள் டாக்டர் வந்தார். பாய் அவரிடம், "ஸ்விட்ச் இழுத்தாலும் இழுக்கலேன்னாலும் லைட்டு எழுந்திருக்காது சார். நான் போட்ட கொழா உள்ள அமுங்கிப் போச்சி. உங்கமேல தப்பு இல்ல. என்மேலதான்" என்றார். டாக்டர் பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பெரிய மூச்சாக விட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்ப ஆபரேஷன் செய்கிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். காரை விற்றுவிட்டார், பங்களாவும் கைமாறியது.

டாக்டர் சொல்லிக் கேள்விப்பட்டு, அந்த வாரமே கன்னியப்பன் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பட்டறைக்குள் நுழைந்து, நாலு லாரி டிரைவர்கள் நிற்கிறபோது பாயின் சட்டையைப் பிடித்தார்.

"இன்னாத்த மாட்ன பாய் அதுல? உன்ன நம்பித்தானே வண்டிய வுட்டோம்? நான் கொயந்த மாதிரி பாத்துக்கினேனே பாய்! ஒரு நாளு வுடாம தொடச்சி, எண்ணெ போட்டு, கண்ணாட்டம் வெச்சிருந்தேனே! என் தம்பிய கொன்னுட்டியே!"

எண்ணெ போட்டு என்று அவர் வாயாலேயே வந்தது. வாயைத் திறந்தேன்.

"தணிகா, போயி டீ வாங்கினு வா" என்றார் பாய். சட்டை கன்னியப்பன் பிடியில்தான் இருந்தது. "போடா."

நான் டீ வாங்கி வந்தபோது கன்னியப்பன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். பாய் எதிரே கைகட்டி நின்றார். டீயைக் கன்னியப்பன் தட்டிவிட்டார்.

டிரைவர்கள் வாய் சும்மா இருக்குமா? ஆளைக் கொன்ற பட்டறை என்று மதுராந்தகம்வரை பேச்சுப் போனது. பிரேக் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் வேறு பக்கம் போனார்கள். மீதிப் பேருக்கும் பாய் கைவைக்கவில்லை. வேக்கம் என்றாலே, "தணிகா, நீ பாரு" என்று ஒதுங்கிக்கொள்வார். கிண்டல் நின்றுபோனது. வண்டி வந்தால் ஸ்டூல் போடுவார், கேட்பார், ஆனால் மாப்பிள்ளை என்று யாரையும் கூப்பிட்டு நான் அப்புறம் கேட்கவே இல்லை. சில வருஷத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். கப்ருஸ்தானில் மண் போடும்போது நான் அழுத அழுகை என் அப்பாவுக்குக்கூட அழவில்லை.

அதன்பின் ரொம்ப நாள் கழித்து, என் மகளுக்கு வரன் அமையாமல் தள்ளிக்கொண்டே போனபோது, திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு மாலை சாத்தப் போனோம். மனைவியும் மகளும் உள்ளே பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே பஸ் வரும் பக்கம் நின்றேன். யாரோ தோளைத் தொட்டார்கள். கன்னியப்பன். நன்றாக வயசாகியிருந்தது. ஆனால் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

ஊர் உலகமெல்லாம் விசாரித்தார். பங்களா கைமாறிய பிறகு கடலுக்குப் போனவர், இப்போது அதையும் விட்டுவிட்டாராம். பேச்சு தீர்ந்த பிறகும் போகாமல் நின்றார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல கீது." கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பேரன் சைக்கிள் டியூபுமேல எண்ணெ கொட்டிக்கினு கெடந்துச்சி. பாக்கறேன், ஊதிப்போயி கொழகொழன்னு கீது. அன்னிக்கிலேந்து எனக்குச் சோறு எறங்கல. நான் அந்த வண்டிக்கி அடியில எண்ணெ பூசுவேன் மேஸ்திரி. சொறா எண்ணெ." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கூட இருந்தவன். சாமி கோயிலாண்ட நிக்கற. மெய்ய சொல்லு. பாய்தானே? பாய் போட்ட கொழாதானே?"

இதே கேள்வியோடு அன்றைக்குக் கைநீட்டி நின்ற டாக்டர் ஞாபகம் வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாய் சொல்லிவிட்டுப் போகவில்லை.

"பாய்தான்" என்றேன். "மட்டமான கொழா. வாங்கும்போதே நான் சொன்னேன், கேக்கல. எண்ணெ கிண்ணெயெல்லாம் ஒண்ணும் இல்ல. கழட்டிப் பாத்தவன் நானு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிடி தளர்ந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவர்போல நிமிர்ந்தார்.

"அதானே!" என்றார். "நான்கூட பயந்துட்டேன் மேஸ்திரி. அந்தாளு உருப்படுவானா? செத்த எடத்துலயும் அவன் நல்லா இருக்கமாட்டான்."

நான் தலையை ஆட்டினேன். ஸ்பேனரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதரை ஒருவர் என் எதிரே சபிக்கிறார், நான் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். கன்னியப்பன் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கடல் பக்கம் நடந்து போனார். வந்தபோது இருந்த தள்ளாட்டம் நடையில் இல்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மனைவி கேட்டாள்: "யாரு அது, ரொம்ப நேரம் பேசினு இருந்தீங்க?"

"பாய்க்குத் தெரிஞ்சவரு."

"நம்ம அமீன் பாய்க்கா?" அவள் முகம் மலர்ந்தது. "தங்கமான மனுசன். பொண்ணு பொறந்தப்போ மொத ஆளா வந்து பாத்தாரே. அவரப் பத்தித்தான் பேசினீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செங்கல்பட்டு வரும்வரை நான் திரும்பவில்லை.